ஒரு கீபோர்டு, இரண்டு பேர்

எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன், திருவண்ணாமலையில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் கம்மி என்பதால் இரண்டு பேருக்கு ஒன்று. ஜன்னல் வழியே மலை தெரியும் கடைசி கம்ப்யூட்டர் எனக்கும் என் தோழிக்கும்.

அவள் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவாள். ஆசிரமத்துப் பக்கம் அவள் மாமா நடத்திய ஜெராக்ஸ் கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பழகியவள். விரல்கள் கீபோர்டில் ஓடும். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் பாடத்தில் இருந்த புரோகிராம் எல்லாம் வரி பிசகாமல் தெரியும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் சொல்வேன், அவள் அடிப்பாள். லேபில் எப்போதும் முதலில் முடிப்பது நாங்கள்தான்.

மாதிரி செய்முறைத் தேர்வு வந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நான் கீபோர்டைத் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. நெளிந்த பிராக்கெட் வேண்டிய இடத்தில் சதுர பிராக்கெட்டே வந்தது. கேப்ஸ் லாக் போட்டுப் பார்த்தேன், அப்போதும் சதுரம்தான். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. நேரம் முடிந்தபோது என் திரையில் பாதி புரோகிராம் இருந்தது. தோழியின் திரையில் இரண்டே வரிகள். நான் சொல்லாமல் மூன்றாவது வரி அவளுக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் மிஸ் திட்டவில்லை. "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளாத்தான் இருக்கீங்க. பப்ளிக்ல யாருக்கு மார்க் போடச் சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

செய்முறையில் தவறினால் பிளஸ் டூவே தேற முடியாது. மறுநாள் தோழி நாற்காலியை மாற்றிப் போட்டாள். "இனிமே நீ அடி, நான் சொல்றேன்."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன்.

"இன்னாடி, கம்மல் தொலைச்சவ மாதிரி தேடினு இருக்க?"

"நீ முதல்ல சரியா சொல்லு. இப்ப சொன்ன வரி தப்பு."

"இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத. தப்பா சொன்னா தப்பாவே அடி. எர்ரர் வரட்டும், நான் பாத்துக்கறேன்."

எர்ரர் ஜாஸ்தியாகவே வந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு வரி வரியாகத் தேடுவாள். பதில் தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பது, எழுத்து தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பௌர்ணமியன்று பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து கிரிவலக் கூட்டத்தில் நடந்து வந்தாவது லேபில் உட்கார்ந்துவிடுவேன்.

பப்ளிக் தேர்வில் நான் மெதுவாகத்தான் அடித்தேன். ஆனால் முழுதாக அடித்தேன், புரோகிராம் ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் முன் வரிசையில் தோழியின் திரையில் எர்ரர் நின்றிருந்தது. என்ன பிழை என்று என் இடத்திலிருந்தே தெரிந்தது. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எங்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். அவர் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனோ என்னவோ, உதட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரையில் விரல் வைத்து வரி வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எதையோ அடித்தாள், ஓடவிட்டாள். விடை வந்தது.

அவ்வளவு நேரமும் அவள் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் பிறகு என் மார்க்கைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து திணறும்போது, "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். சொல்லாமல் இருக்கிறேன். அவர்களே கண்டுபிடித்து நிமிரும்போது முகத்தில் வரும் அந்தச் சந்தோஷத்தை நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதை, பரீட்சைக்குப் பயந்து நாற்காலியை மாற்றிப் போட்ட அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.