மூன்று வாரம் தாங்கிய ஆணி

நாங்கள் வாங்கும்போதே அந்தக் கார் மூன்று துரைமார்களைப் பார்த்து முடித்திருந்தது. நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன இரண்டு பேரும் இருந்ததையெல்லாம் போட்டு அதை வாங்கி, எங்கள் ஊரான சாஆவிலிருந்து லாபீஸ் ரயில் நிலையத்துக்கு வாடகைக்கு ஆள் ஏற்றினோம். அவன் ஓட்டுவான், நான் பழுது பார்ப்பேன். அதுதான் ஏற்பாடு.

பழுது பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. கடையில் புது சாமான் வாங்குவது கையாலாகாதவன் வேலை என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன். ரப்பர் ஆலையில் கழித்துப் போட்ட பெல்ட்டை வெட்டி பிரேக்குக்கு வைத்தேன். ட்யூப் கிழிந்து மாற்று கிடைக்காதபோது டயருக்குள் லாலாங் புல்லை அடைத்து ஒரு வாரம் ஓட்டினோம். பயணிகள்தான் பாவம், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மூவாருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு சீனத் தவுக்கை முதலாளியின் பழைய இரும்புக் கடையில், செத்துக் கிடக்கும் கார்களுக்குள் தலையை விட்டு நாள் முழுக்கத் தேடுவேன்.

ஒருநாள் பள்ளத்தில் விழுந்ததில், முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டு வளைந்துவிட்டது. கழற்றி, தட்டி நிமிர்த்தி, திரும்ப மாட்டினேன். தண்டின் முனையில் ஒரு நட்டு இருக்கும். அது தானாகச் சுழன்று கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின் போடவேண்டும். விரல் நீளம்கூட இராத, இரண்டு காலுள்ள கம்பி, அவ்வளவுதான். பழையதைப் பிடுங்கும்போது ஒடித்துவிட்டேன், வேறு கையில் இல்லை. மீன் பெட்டியிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிச் செருகி வளைத்துவிட்டேன். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று நினைப்பு.

சரியாகிவிட்டதா என்று மைத்துனன் கேட்டான். புதுசு மாதிரி ஆகிவிட்டது என்றேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவனுக்குப் போதும்.

இரண்டு நாள் மூன்று வாரமாயிற்று. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை நான் வாசலை விட்டு நகரமாட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள் மூவாருக்குப் போய், அளவான பின் ஒன்றைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீடு வந்தேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை. விளக்கு வைத்த பிறகுதான் பூஜை, அதற்குள் பின்னை மாட்டிவிடலாம் என்பது என் கணக்கு. மைத்துனனோ நல்ல நேரம் பார்த்து நாலு மணிக்கே எல்லாவற்றையும் முடித்திருந்தான். காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தான். என் ஸ்பேனர், குறடு, சுத்தியல் ஒன்று பாக்கியில்லாமல் மண்ணெண்ணெயில் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வரிசையாக இருந்தன. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் மறுபடி தீபம் காட்டாமல் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதை மீறியவர் கிடையாது.

வாயைத் திறந்திருக்கலாம். குறடு வேண்டும் என்றால் எதற்கு என்று கேட்பான். ஆணி வெளியே வரும், என் பெருமை கப்பலேறும். பூஜை சாமானைத் தொடக் கூடாது என்ற சாக்கு எனக்கு அப்போது இனித்தது. பழியைச் சாமி மேல் போட்டுவிட்டு, விடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

காலையில் எழுந்து வந்தால், வாசலில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன. காரைக் காணோம்.

தோட்டத்தில் வேலை போய், கடல் தாண்டிச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் ஒரு குடும்பம் விடியும்போதே வந்ததாம். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். ரயிலை விட்டால் கப்பலும் போய்விடும் என்று கெஞ்சினார்களாம். மைத்துனன் காருக்கு மட்டும் தீபம் காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். என்னை எழுப்பவா என்று என் மனைவி அவனிடம் கேட்டிருக்கிறாள்.

"அலைஞ்சிட்டு வந்திருக்காரு, தூங்கட்டும்க்கான்னு சொல்லிட்டுப் போனான்" என்றாள்.

சாமி முன்னால் இருந்த குறட்டை எடுத்தேன். தீபம் காட்டவில்லையே என்று அவள் பதறியதைக் காதில் வாங்காமல் சைக்கிளில் ஏறினேன். கையெல்லாம் குங்குமம். அவ்வளவு பயந்து நான் ஒருநாளும் சைக்கிள் மிதித்ததில்லை.

ஐந்து மைல் தாண்டி ஒரு வளைவில் கார் நின்றது. ஒரு முன்சக்கரம் வடிகாலின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியின் மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் சைக்கிளை விட்டு இறங்கினேன். பக்கத்தில் அவர்களுடைய தாய் தலைமுடி அவிழ்ந்து நின்றாள், தகப்பன் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மைத்துனன் காருக்கு அடியிலிருந்து வந்தான். ஸ்டியரிங் ஆட்டம் கண்டதும் பிரேக்கை மிதித்திருக்கிறான். ஆணி அறுந்து, நட்டு கடைசிப் புரியில் நின்றிருக்கிறது. கையாலேயே நட்டை முறுக்கி, அந்த அம்மாவின் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கிச் செருகியிருந்தான். இரண்டு காலுள்ள கம்பி, கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அப்படிப்பட்ட ஊசி என் வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. எனக்குத் தோன்றவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

"இது எப்ப வாங்குனீங்க?"

"நேத்து."

உள்ளங்கையிலிருந்த அறுந்த ஆணியை என் முன்னால் நீட்டினான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தப் பிள்ளைங்கள ஏத்தியிருக்க மாட்டேனே, மச்சான்."

ஊசியைக் கழற்றி பின்னை மாட்டினேன். எல்லோருமாகச் சேர்ந்து வண்டியை ரோட்டில் தூக்கி வைத்தோம். அந்தக் குடும்பத்துக்கு ரயில் கிடைத்தது. ஆணியைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவன் சொல்லவில்லை, அதன்பிறகு என்னிடமும் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பழைய கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு காரிடம் போனான். அதைத் தரையில் விரித்து, அடியில் படுத்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினான். காரை விற்கும் வரை இரண்டு வருஷம், ஒருநாள்கூட அது தவறவில்லை. பழுது பார்க்கத்தான் மச்சான் இருக்கிறாரே, நீ ஏன் சட்டையை அழுக்காக்கிக்கொள்கிறாய் என்று அவன் அக்காள் ஒருநாள் கேட்டாள்.

"சும்மாதான்க்கா" என்றான். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.