நோயில்லாத பிள்ளைகள் மட்டும்

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவுக்குப் படகில் ஒரு மருத்துவக் குழு வந்திறங்கியது. நோயில்லாத பிள்ளைகளின் கல்லீரல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று ஸ்கேன் வைத்து அளக்க வேண்டுமாம். சாப்பிடக் கூடாது என்றதால் என் மகளை வெறும் வயிற்றோடு கூட்டிப்போனேன்.

“இவளுக்கு மஞ்சக்காமாலை வந்திருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“போன வருசம் வந்துச்சும்மா. இப்போ நல்லாதான் கீறா.”

“அப்போ வேணாம். எங்களுக்கு நோயில்லாத குழந்தைங்கதான் வேணும்.”

போன வருடம் அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது, கரையிலிருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஒரு டாக்டரை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். ஏரியைத் தாண்டி யார் வருவார்கள் என்றார்கள்.

டாக்டரம்மா மகளிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். “நீங்களே துன்னுங்கம்மா, ரொம்ப தூரம் வந்துகீறீங்க” என்றேன்.

ஏரி போன வருடமும் இதே அகலம்தான் இருந்தது.