நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்த ரவைகள்

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பகிடி இல்லை என்று தெரிந்ததும், ஏன் என்று கேட்பார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. என்னோடு அதே மாடியில் வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி, கிட்டத்தட்ட என் வயதுதான், "ஒருநாள் வந்து பார், பிடிக்காட்டில் கோப்பியைக் குடிச்சிட்டுப் போ" என்றாள். போனேன். கோப்பி படுமோசம். மற்றது பிடித்துவிட்டது.

வீட்டில்தான் பெரிய கூத்து. "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து நீர் காசு குடுத்து வெடி வைக்கப் போறீரோ? உமக்கென்ன விசரே?" என்று கணவர் கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் நாள் படுத்துக்கிடந்து குறிபார்த்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டது உண்மை. ஆனால் அந்தச் சின்னத் துப்பாக்கி ரவை போடும் சத்தம் அப்பளம் நொறுங்குகிற அளவுதான். அதைவிட முக்கியம், அந்தச் சத்தம் எப்போது கேட்கவேண்டும் என்பதை நான்தான் தீர்மானித்தேன். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்கு விளங்கப்படுத்த இன்றுவரை முடியவில்லை.

எங்கள் சங்கத்தில் சுடுவது எல்லாம் 'இருபத்திரண்டு' என்கிற சிறு ரவைதான். சுண்டுவிரலின் பாதி நீளம். துப்பாக்கியின் ஊசி அதன் அடி விளிம்பில் குத்தினால் வெடிக்கும். என்னிடமும் என்னைக் கூட்டிப்போன தோழியிடமும் சொந்தத் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை. சங்கத்தின் ஏழாம் இலக்கத் துப்பாக்கியை இருவரும் மாறி மாறிப் பாவிப்போம். ரவைகளை வாங்கிப் பூட்டி வைப்பது ஓய்வுபெற்ற ஒரு தச்சு வேலைக்காரர். அலுமாரித் திறப்பு அவருடைய கழுத்தில் தொங்கும். நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் அலுமாரிக்காரர்.

இரண்டு வருடம் நான் சங்கத்தில் இருக்கிற மலிவு ரவையைத்தான் சுட்டேன். ரவை என்றால் ரவைதானே என்று நினைத்திருந்தேன். போன வசந்தத்தில் அலுமாரிக்காரர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "துப்பாக்கிக்கும் வாய் ருசி இருக்கு. ஏழாம் நம்பருக்கு எது பிடிக்கும் எண்டு பாப்பம்" என்று ஐந்து விதமான பெட்டிகளை மேசையில் வைத்தார். எனக்குச் சேலைக் கடையில் நிற்கிற மாதிரி உற்சாகம் வந்துவிட்டது. துப்பாக்கியை மணல் மூட்டையில் அண்டி வைத்து, ஐம்பது மீற்றரில், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தோம். செப்புப் பூசிய பளபளப்பான ரவை, பெட்டியில் வேகம் வேகம் என்று எழுதியிருந்தது, குறியட்டை முழுக்கச் சிதறிப்போனது. அதிக விலைக்காரன் சுமார். சங்கத்து மலிவு ரவை பரவாயில்லை. நாலாவது என்ன செய்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. கடைசியாக, கையில் மெழுகு ஒட்டுகிற, சாம்பல் நிறத்தில் ஒரு சோம்பேறி ரவை. வேகமும் குறைவு, பார்க்கவும் ஒரு வடிவும் இல்லை. அந்தப் பத்தும் என் பெருவிரல் நகத்துக்குள் அடங்கின. இருவரும் அட்டையை மாறி மாறி வாங்கிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அதைத் தேடுவது ஒரு வேலையாகிப் போனது. மேசையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி, அதையும் முடித்துவிட்டிருந்தோம். தோழி வேலை இடைவேளையில் ஓகூஸ் நகரத்துக் கடைகளுக்கெல்லாம் போன் எடுத்தாள். ஓரிடத்தில் அந்தப் பெயரே கேள்விப்படவில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் இருந்தது, ஆனால் வேறு தொகுதியில் தயாரித்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால் குணமும் மாறலாம் என்று அலுமாரிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். ஆறு கிழமை கழித்து அவரே அதே தொகுதியில் பத்துப் பெட்டி கண்டுபிடித்து வாங்கி வந்தார். ஒரு பெட்டியில் ஐம்பது. எனக்கு இரண்டு, தோழிக்கு இரண்டு, மிச்சம் மற்றவர்களுக்கு. இனி இலையுதிர் காலம்வரை கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார். பெட்டிகளில் அவரவர் பெயரை எழுதி அலுமாரியில் வைத்தோம்.

தோழி அடுத்த செவ்வாயே ஒரு பெட்டியை ஊதித் தள்ளினாள். அதற்கடுத்த செவ்வாய் மற்றதையும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் என்னுடையதைத் தொடவேயில்லை. என் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது. நல்ல துவாய்கள் விருந்தாளிக்கு. நல்ல கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள். வந்து இருபத்தைந்து வருடத்தில் வாங்கிய நல்ல சாமான் எல்லாம் ஏதோ ஒரு நல்ல நாளைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. நானும் மலிவு ரவையிலேயே பழகிக்கொண்டு, நல்லதை அந்த நாளுக்கென்று எடுத்து வைத்தேன்.

அந்த நாள் ஜூன் மாதத்தில் வந்தது. பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு வருடாவருடம் ஒரு போட்டி நடக்கும். அணியில் நாலு பேர். மூன்று இடங்கள் எப்போதும் நிச்சயம். நாலாவது இடத்துக்கு நானும் தோழியும் மட்டும்தான் மிச்சம். இருபது வெடி சுடவேண்டும், ஒரு வெடிக்கு உச்சம் பத்துப் புள்ளி, கூட்டுத்தொகை கூடியவர் போவார். எனக்கு அந்த இடம் வேண்டும். கூச்சத்தை விட்டுச் சொன்னால், வேறு எதையும் இந்த நாட்டில் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தேவைக்காகச் செய்தவை. சங்கத்தின் பெயர் போட்ட நீலச் சட்டையை ஒருநாளாவது போடவேண்டும் என்பது வெறும் ஆசை.

தோழி முதலில் சுட்டாள். மலிவு ரவைதான், வேறு என்ன இருந்தது அவளிடம். நூற்று எண்பத்துநாலு. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பயிற்சியில் நான் நூற்று எண்பத்தாறுக்குக் குறைந்து நாளாகிவிட்டது. அதுவும் மலிவு ரவையில்.

கணக்கில் எடுக்கும் வெடிகளுக்கு முன்னால், குறியைச் சரிபார்க்க ஒத்திகை வெடிகள் சுடலாம். எத்தனையும் சுடலாம். அவை கணக்கில் வராது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கணக்கில் வராத வெடிக்கு நல்ல ரவையைக் கொட்டுவதா? மலிவு ரவையில் ஐந்து சுட்டேன். ஐந்தும் நடுவில். திருப்தியோடு நல்ல பெட்டியைத் திறந்து, முதல் அட்டைக்குரிய பத்தையும் சுட்டேன். நான் இடையில் தொலைநோக்கியால் அட்டையைப் பார்ப்பதில்லை, பார்த்தால் கை தளம்பும். ஒவ்வொரு வெடியும் வெண்ணெய் மாதிரிப் போனது. இதைவிட நன்றாக நான் வாழ்க்கையில் சுட்டதில்லை.

அலுமாரிக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். வரும்போதே மற்றவர்களை, "இஞ்ச வாங்கோ, இதைப் பாருங்கோ" என்று கூப்பிட்டார். பத்து ஓட்டையும் ஒரே ஓட்டை மாதிரி. இந்தச் சங்கத்தில் இவ்வளவு நெருக்கமாக யாரும் சுட்டதைத் தான் காணவில்லை என்றார். ஆனால் அந்த ஓட்டை நடுவில் இல்லை. கீழே, வலப்பக்கம், ஏழாம் வளையத்தில் இருந்தது. எழுபத்தொன்று.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. ரவை மாறினால் அது போய்ப் படும் இடமும் மாறும். குறியை நான் சரிபார்த்தது மற்ற ரவைக்கு.

"ஒத்திகையை எதால சுட்டனி?" என்று தோழி கேட்டாள்.

"மலிவால."

"ஏன்?"

"நல்லது வீணாப் போகுமெண்டு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு, எனக்குப் போட்டியாளர் என்பதையும் மறந்து, குனிந்து குறியின் திருகைக் காட்டினாள். "இடப்பக்கம் ஆறு கிளிக், மேல நாலு. திருகு." திருகினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. துடைத்துவிட்டு இரண்டாவது அட்டையைச் சுட்டேன். தொண்ணூற்றெட்டு. எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டிப் பார்த்தால் நூற்று அறுபத்தொன்பது. நீலச் சட்டை தோழிக்குப் போனது.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னேன். கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப எத்தினை மிச்சம்?" என்றார்.

"எண்பது."

"அது பரவாயில்லையே" என்றார். அவருக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. நாங்கள் இருவரும் ஏன் இவ்வளவு காலம் ஒன்றாக இருக்கிறோம் என்று அன்றைக்கு விளங்கியது.

ஆனால் அந்த எண்பது என்னை நித்திரை கொள்ள விடவில்லை. போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. தோழி அதே ஏழாம் இலக்கத்தோடுதான் போகப்போகிறாள், கையில் மலிவு ரவையோடு. அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த ரவை, பெயர் எழுதி, என்னுடையதாக அலுமாரிக்குள் கிடந்தது. அவள் கேட்கவில்லை. வேலையில் ஒன்றாக நின்று கட்டில் விரிப்புகளை மாற்றினோம், மழையைப் பற்றிக் கதைத்தோம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. உன்னுடையதை நீ ஊதித் தள்ளினாய், நான் காத்து வைத்தேன் என்று நியாயமும் பேசியிருப்பேன். அவள் கேட்காததால் எனக்கு நானே பேசவேண்டி வந்தது. அந்தத் திருகை அவள் எனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம் என்ற நினைப்பில் ஒவ்வொரு முறையும் என் நியாயம் தடுக்கி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அலுமாரிக்காரரிடம் போய், "என்ர பேரை வெட்டிப்போட்டு அவவின்ர பேரை எழுதுங்கோ, ரெண்டு பெட்டியிலயும்" என்றேன். அவர் பேனையைத் தேடிக்கொண்டு நின்றபோது மனம் மாறிவிடுமோ என்று எனக்கே பயம். திரும்பினால் தோழி பின்னால் நின்றாள். என் தோளைப் பிடித்து ஒருமுறை உலுப்பினாள். "நடுவில சுடு" என்றேன். அதற்கு மேல் கதைத்திருந்தால் அழுதிருப்பேன்.

போட்டியன்று நானும் போனேன், ஐம்பது பற்றீஸ் பொரித்துக்கொண்டு. நீலச் சட்டையோடு தோழி போய்ப் படுத்தாள். என் பெட்டியைத் திறந்து ஒத்திகை வெடி சுடத் தொடங்கினாள். ஐந்து சுட்டாள். தொலைநோக்கியால் பார்த்தாள். திருகைத் திருகினாள். இன்னும் ஐந்து. பார்த்தாள். எல்லாம் நடுவில்தான் இருந்தன, பக்கத்துத் தொலைநோக்கியில் எனக்கும் தெரிந்தது. இன்னும் ஐந்து சுட்டாள். பதினைந்து நல்ல ரவை, ஒன்றும் கணக்கில் இல்லை. விரல் மடித்து எண்ணிக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பதினாறாவதையும் ஒத்திகைக்கே எடுத்தாள்.