நீல வெளிச்சத்தை அணைத்த பின்னேரம்

என் கடையின் பின்சுவரில் கை நீளத்துக்கு ஓர் அலுமினியத் தகடு தொங்குகிறது. அதன் அடிப்பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. உப்புப் பூத்த திருகாணிகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, பக்கத்தில் ஒரு கறுப்பு ஸ்விட்ச். பழுதான ரீவியோடு வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்து, "இது விக்கிறதோ?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "அப்ப என்னத்துக்கு மாட்டி வைச்சிருக்கிறீங்கள்?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். திருகோணமலையில் ஒரு கேள்வியோடு நிறுத்துகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் அண்ணிக்காக நான் செய்த விளக்கு அது. விற்க மனமில்லை என்று சொல்வதைவிட, விற்கப் பயம் என்று சொல்வதுதான் சரி.

அண்ணி ஆஸ்பத்திரியில் தாதி. அதனால் எங்கள் ஒழுங்கையின் இரு கரை வீடுகளுக்கும் அவர் 'மிஸ்ஸி'. வாய் கொஞ்சம் நீளம். நான் கையைச் சுட்டுக்கொண்டு போனால், மருந்து போடுவதற்கு முன்னால், "சுட்டதுக்கு வந்தனீரோ, கதைக்க ஆளில்லாமல் வந்தனீரோ?" என்று கேட்பார். அண்ணன் சுழியோடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், தண்ணீருக்கடியில் சிக்கிய கயிறுகளை அறுத்து விடுவதும் அவன் தொழில். வேலை முடிந்து வந்தால் மோதிர விரலால் கேற்றில் தட்டுவான். இரண்டு தட்டு விரைவாக, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அண்ணி குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே, "இண்டைக்கு ஒண்டும் இல்லை, அடுத்த வீட்டைப் பாருங்கோ" என்பார். ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான். வாடைக்காற்று தொடங்கிய நேரம், துறைமுக வாயிலுக்கு வெளியே, பாறையின் விளிம்பில் ஒரு படகின் நங்கூரம் மாட்டிவிட்டது என்று அவனைக் கூப்பிட்டார்கள். இறங்கியவன் ஏறவில்லை. கடல் கலங்கி எவராலும் இறங்க ஏலாமல் போகும்வரை தேடினார்கள். அந்த விளிம்புக்கு அப்பால் கடல் பாதாளமாக இறங்குகிறது. உடல் கிடைக்கவே இல்லை.

வாடை ஓய்ந்து, சோளகக் காற்று வீசத் தொடங்கிக் கடல் படுத்த பிறகு, கிண்ணியாவிலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கையில் ஒரு பெயின்ற் வாளி, அதற்குள் கடல்தண்ணீர், தண்ணீருக்குள் அண்ணனின் சுழியோடிக் கண்ணாடி. அறுந்துபோன வாருக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டுக் கொடுத்தவன் நான்தான், அதனால் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. வலையில் வந்தது என்றார். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி முருகைப் பூக்கள், பவளப்பாறையைக் கட்டுகிற அந்தச் சின்ன உயிர்கள், முளைத்திருந்தன. சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் ஒரு வாய், சுற்றிவர மயிரளவு விரல்கள். தொட்டால் சுருங்கின. "உசிரிருக்கு மிஸ்ஸி, காயவிட மனசு வரல்ல" என்றார் நானா. அண்ணி வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அது ஒரு முடிவு. உடல் இல்லாததால் அண்ணனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. இப்போது அவன் முகத்தில் கிடந்த பொருளே வீட்டுக்கு வந்துவிட்டது, அதைச் சுரண்டித் துடைத்து, வைத்துக் கிரியை செய்து, கடலில் கரைத்தால் பிள்ளை அலையமாட்டான் என்றார். அண்ணி அன்றைக்கு வாய் காட்டவில்லை. "மாமி, அதில உயிர் இருக்கு. உயிர் இருக்கும்வரைக்கும் நான் பொட்டழிக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னார். அம்மாவும் விடவில்லை. "அப்ப அது செத்தா?" என்றார். "செத்தாச் செய்வம்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மனிதனின் சாவு, பொத்தானளவு பூக்களின் உயிரில் தொங்கியது.

கண்ணாடித் தொட்டி வாங்கினோம். நானா கிழமைதோறும் கலனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அண்ணி ஊசிமருந்துச் சிறிஞ்சில் இறால் சாறு எடுத்து ஒவ்வொரு வாய்க்கும் ஊட்டினார். ஆனால் வீட்டுக்குள் வெயில் போதவில்லை, பூக்கள் மங்கின. கொழும்பில் முருகைத் தொட்டிக்கென்றே விளக்கு விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு நானே செய்வதென்று தீர்மானித்தேன். பழுதான அம்பிளிபையரிலிருந்து சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டைக் கழற்றினேன். வெள்ளை விளக்குகளைச் செத்துப்போன தெருவிளக்குகளிலிருந்து எடுத்தேன். நீலத்தை மட்டும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன், ஆழத்துக்கு இறங்குவது நீல வெளிச்சம்தான் என்பதால். அண்ணி டியூட்டி முடிந்து வந்து தகட்டைக் கண்ணாடிபோல் மினுங்கும்வரை அரத்தாளால் தேய்த்தார். நான் ஒவ்வொரு விளக்குக்கும் அடியில் பசை தடவி அழுத்தி, வயர் பிடித்துச் சாலிடர் வைத்தேன். உப்பு நீர் தெறிக்காமலிருக்க அடியில் ஒரு பிளாஸ்ரிக் தட்டும், சூடு பிடிக்காமலிருக்க மேலே விசிறியும் பூட்டினேன். மின்வெட்டுக் காலம் அது. ஆகவே ஒரு பற்றறியையும் இணைத்துவிட்டேன்.

முதன்முதலாக ஸ்விட்ச் போட்டது விளக்கு வைக்கிற நேரத்தில். மண்ணிறமாகக் கிடந்த பூக்கள் அத்தனையும் அந்த நீலத்தில் பச்சையாக ஒளிர்ந்தன. தங்களுக்குள்ளிருந்தே எரிவதுபோல் எரிந்தன. சுற்றிவரப் பச்சை, நடுவில் கண்ணாடியின் வெறுமை. அந்த வெறுமைக்குள் ஒரு முகம் இருந்தாகவேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவருடைய பல்லும் நகமும் தண்ணீரில் கனநாள் கிடந்த ஆளுடையவை போலிருந்தன. என்னுடையவையும் அப்படித்தான் இருந்திருக்கும். சாமியறையிலிருந்து வந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன ஆள் கரைக்கு வரும்வரை அவருக்காக வைத்த விளக்கை அணைப்பதில்லை. எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்போம். இந்த விளக்கையும் அணைக்கவேண்டாம் என்று அண்ணி சொன்னபோது எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. விடிய விடிய அது எரிந்தது. யன்னல் வழியாக ஒழுங்கையில் விழுந்த நீலத்தை மிதிக்காமல் ஆட்கள் மறுகரையால் நடந்தார்கள்.

சில நாளில் தட்டும் சத்தம் தொடங்கியது. பொழுதுபடுகிற நேரம் பார்த்து, இரண்டு விரைவாக, கொஞ்சம் விட்டு ஒன்று. அண்ணி எழும்பிப் போய்க் கேற்றைத் திறந்து பார்ப்பார். ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிறகுதான் அது தொட்டியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தோம். அதோடு இன்னொன்று. தொட்டிக்குள் சுவரைப் பார்த்து வைத்த சுழியோடிக் கண்ணாடி காலையில் அறையைப் பார்த்தபடி இருக்கும். அண்ணி திருப்பி வைப்பார். அடுத்த காலை மறுபடியும் எங்களைப் பார்க்கும். எனக்கு அந்த அறைக்குள் தனியே போகக் கால் வரவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. அண்ணிக்கோ முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தட்டினால் குசினிக்குள் இருந்தபடி, "இண்டைக்கு ஒண்டும் இல்லை, அடுத்த வீட்டைப் பாருங்கோ" என்று பழையபடி குரல் கொடுக்கத் தொடங்கினார். அதைக் கேட்ட முதல்நாள் அம்மா சோறு தின்னவில்லை.

ஆனால் பூக்கள் வெளிறின. பச்சை போய், பால் நிறமாகி, விரல்களை நீட்டாமல் ஒடுங்கிக் கிடந்தன. வெளிச்சம் காணாது என்று நினைத்தோம். இன்னுமொரு வரிசை நீலம் பூட்டினேன். இன்னும் வெளிறின. அண்ணி விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் சுருங்காது. அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் ஐயரிடம் நாள் கேட்டு வைத்திருந்தார். அம்மாவை எப்படிக் குற்றம் சொல்வது? பெற்றவளுக்கும் ஒரு முடிவு வேண்டுமே.

அந்தக் கிழமைதான் மின்வெட்டு வழக்கத்தைவிட நீண்டது. அண்ணி ஆஸ்பத்திரியில். பற்றறி எந்த நேரம் செத்தது என்று எனக்குத் தெரியாது. விடிந்து கரண்ட் வந்தும் அதுவாக எரியவில்லை. நான் பயந்துகொண்டு ஸ்விட்சில் கை வைக்கப் போனேன். அப்போதுதான் டியூட்டி முடிந்து உள்ளே வந்த அண்ணி என் கையைப் பிடித்துத் தடுத்தார். யன்னலால் வந்த வெளிச்சத்தில், வெளிறிய பூக்களில் பாதி, கனநாளுக்குப் பிறகு, விரல்களை விரித்திருந்தன. அண்ணி வெள்ளைச் சீருடையோடு நிலத்தில் இருந்துவிட்டார். "ஆஸ்பத்திரி வோட்டில லைட்டை அணைக்காமல் வைச்சா நோயாளி நித்திரை கொள்ளுவானே தம்பி? நானே எத்தினை பேரை ஏசியிருக்கிறன். இதை மட்டும் நித்திரை கொள்ளவிடாமல் எரிச்சுப்போட்டன்" என்றார். விளக்கை அணைப்பதில்லை என்ற அந்த வழக்கத்தை மீறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று பின்னேரம், மற்ற வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம், அண்ணி தன் கையாலேயே ஸ்விட்சை அணைத்தார். இருவரும் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தோம். மெல்ல மெல்ல இருட்டுக்குக் கண் பழகியது. தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அடியிலிருந்து மணல் பறந்தது. விரல் நீளத்தில் ஓர் இறால், நானாவின் தண்ணீரோடு எப்போதோ வந்தது, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்தது, வெளியே வந்து மணலைத் தள்ளியது. தள்ளத் தள்ளக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் திரும்பியது. கொடுக்கைச் சொடுக்கிய சத்தம்தான் அத்தனை நாளும் கேட்ட தட்டு. நான் சிரித்துவிட்டேன், பயம் விட்ட சிரிப்பு. அண்ணி சிரிக்கவில்லை. "இதுக்கோ நான் இவ்வளவு நாளும் மறுமொழி சொன்னனான்?" என்றார். அண்ணன் காணாமல் போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் அணைத்தோம். பூக்கள் தேறின. பச்சை திரும்பி வந்தது, புதிதாகவும் முளைத்தன. பந்தயத்தில் வென்றது அண்ணிதான், பொட்டழிக்கத் தேவையில்லை. ஆனால் வாடை தொடங்க முன் ஒருநாள் அவரே நானாவைக் கூப்பிட்டுப் படகு கேட்டார். அம்மா திகைத்துப்போய், "உயிரோட இருக்கிறதைக் கடலில விட என்ன கிரியை பிள்ளை?" என்றார். "வழியனுப்பக் கிரியை வேண்டாம் மாமி. செத்தபிறகு குடுக்கிறது ஆருக்கும் ஏலும்" என்றார் அண்ணி. அம்மா முற்றத்துச் செவ்வரத்தம்பூவை ஆய்ந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

பாறையின் விளிம்பில் நானா இயந்திரத்தை நிறுத்தினார். அண்ணி வாளிக்குள் கைவிட்டு, அடியில் ஒளிந்திருந்த இறாலோடேயே கண்ணாடியைத் தூக்கி, ஒரு நோயாளியைக் கட்டிலில் கிடத்துவதுபோலத் தண்ணீரில் வைத்து விட்டார். அது எங்களைப் பார்த்தபடியே இறங்கியது. பச்சை மறைந்து, நீலம் மறைந்து, ஒன்றும் தெரியாமல் போன பிறகும் மூவரும் குனிந்தபடி இருந்தோம். அண்ணி கடல்தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். நிமிர்ந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. அதற்குள் படகு விளிம்பைத் தாண்டி வெளியே மிதந்துவிட்டது. அப்போது படகின் அடியில் தட்டியது. இரண்டு விரைவாக, கொஞ்சம் விட்டு ஒன்று. நானா என்னைப் பார்த்தார். "கீழ கல்லு" என்று சொல்லி இயந்திரக் கயிற்றை இழுத்தார். அங்கே கல் முட்டுகிற ஆழமில்லை என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அது அந்த இறால்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அண்ணியின் வாய் மட்டும் அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அண்ணி மாற்றலாகி மன்னாரில் இருக்கிறார். விளக்கை என்னிடம் தந்துவிட்டுப் போனார். உப்பில் இருந்த சாமான் ஓடாமல் விட்டால் பழுதாகிவிடும் என்று சாட்டுச் சொல்லி, தினமும் கடை பூட்ட முன் அதைக் கொஞ்சநேரம் எரியவிட்டு, பொழுதுபடும்போது அணைக்கிறேன். அணைத்துவிட்டு இருட்டில் நிற்பேன். சில நாள் அந்த நேரம் பார்த்து மன்னாரிலிருந்து போன் வரும். "அணைச்சிட்டீரோ தம்பி?" என்பார். ஓம் என்பேன். "ஏதும் கேட்டுதே?" அதைக் கேட்கும்போது மட்டும் அந்த நீண்ட வாய் சின்னக் குரலாகிவிடும். "இல்லை அண்ணி" என்பேன். அது உண்மைதான். அதைச் சொன்னதும் இருவரும் போனை வைக்காமல், இன்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்போம்.