ஆளில்லாத பஸ்ஸில் நிற்க இடமில்லை

கண்டக்டர் வேலை என்பது, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மிஷினையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது கையால் சில்லறை கொடுக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே சரிப்பட்டு வரும். இருப்பது இரண்டு கைதான் என்று டெப்போவுக்கும் தெரியும், பயணிகளுக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் விட்டுக்கொடுப்பதில்லை. படியில் ஒற்றைக் காலில் தொங்கி வேலைக்குப் போகிறவர்களே, "உள்ள போ, உள்ள போ" என்று என் மாதிரி ஆட்களிடம் தினமும் ஏச்சு வாங்குகிறவர்களே, இந்தக் கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும். கார் வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியாது.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். மாற்றலாகித் திருப்பூர் வந்ததும், ஊத்துக்குளி பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கு வருகிற டவுன் பஸ்ஸில் காலை முதல் டிரிப்பை என் தலையில் கட்டினார்கள். டிரைவர் பழனிச்சாமி அண்ணன் பெருமாநல்லூர்க்காரர். தேவையில்லாமல் ஹாரன்கூட அடிக்க மாட்டார், பிறகு பேச்சு எங்கே? நான் அதற்கு நேர்மாறு. எதையும் வாயைவிட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

ஓசியிலும் ஒரு கூச்சம்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது ஊருக்கே தெரியும். ஆனால் டிக்கெட் உண்டு என்பதைத்தான் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. மிஷினில் பட்டனைத் தட்டினால் பூஜ்ஜியம் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் வரும். அதைக் கொடுத்தால்தான் ஓர் ஆள் ஏறியதாக அர்த்தம்.

வேலாங்காட்டுப் பிரிவு என்று ஒரு நிறுத்தம். பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஒரு பெருங்கூட்டம் அங்கேதான் ஏறும். முதல் நாள் நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தால், டிக்கெட்டை வாங்க ஆளில்லை! ஏதோ பந்தியில் மூன்றாம் முறை சோறு வைக்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி கையைக் குறுக்கே வைத்து மறிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஓசி என்றால் இன்னொன்று கொடு என்று சண்டை நடக்கும். இதென்னடா கூத்து என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டினேன். நாலைந்து பேர் எனக்காகப் பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்கள். இப்படியே பல நாள் ஓடியது. கடைசியில், டிபன் பையை இடுப்பில் இடுக்கி நின்ற பரிமளா என்கிற பெண்ணைப் பிடித்து, "ஏம்மா, இதை வாங்கினால் கை வெந்துபோகுமா?" என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "காசும் குடுக்காம வர்றோம், உங்க காயிதத்த வேற வீணாக்கோணுங்களா? நல்லாருக்காதுங்ணா!"

வெண்ணெய்க்கு டிக்கெட்

ஊத்துக்குளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வெண்ணெய் டின்னோடு ஓர் அம்மா ஏறுவார். அவருக்குக் கட்டணமில்லை. டின்னுக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு, அது விதி. பெண் போகலாம், பெண்ணின் வெண்ணெய் சும்மா போகக் கூடாது. இந்த விதியை எழுதினவர் எந்த நேரத்தில் எழுதினார், காப்பி குடித்துவிட்டா, குடிக்காமலா என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. டின்னுக்குக் காசு வாங்கி டிக்கெட் கொடுத்தேன். அவருக்கும் பூஜ்ஜியத்தை நீட்டினேன். வழக்கம்போல வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, டின்னின் டிக்கெட்டை மட்டும் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நான் தொலஞ்சாக் கேக்க நாதியில்லீங்க, வெண்ணெ தொலஞ்சா ரசீது இருக்குதுங்க!"

சிக்னல் இருக்கிற இடம்

ஆண்கள் விஷயம் வேறு. இப்போது டிக்கெட் மிஷினிலேயே செல்போனைக் காட்டிப் பணம் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான், சில்லறைச் சண்டை பாதி குறைந்துவிட்டது. ஆனால் எங்கள் வழியில் வாய்க்கால் பாலம் வரும்வரை சிக்னல் கிடையாது. அதனால் பழனிச்சாமி அண்ணன் பாலத்தில் வண்டியை ஆமை மாதிரி நகர்த்துவார். உடனே அத்தனை ஆண்களும் ஜன்னலுக்கு வெளியே செல்லை நீட்டுவார்கள். ஆண்கள் கொடுக்கிற காசு ஒவ்வொன்றும் அந்தக் கணமே எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பின்னால் நிற்கிற பெண்கள் கூட்டம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பனியன் வேஸ்ட் துணி வாங்கி விற்கிற ஜப்பார் பாய் தினமும் அந்த வண்டியில் வருவார். ஒரு நாள் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துச் சொன்னார்: "முன்னெல்லாம் பாலம் வந்தா சனம் கோயிலப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுமுங்க. இப்பப் பாருங்க, அத்தன பேரும் செல்லத் தூக்கி ஆரத்தி காட்றாங்க!"

எங்க போற?

பஸ் காசு மிச்சமாகிறதே, அதை வைத்து இந்தப் பெண்கள் என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. பரிமளாவிடமே கேட்டேன். அவள் காசைப் பற்றிப் பேசவே இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு முறை வேலைக்குப் போய் இரண்டு முறையும் நின்றுவிட்டாளாம். தோட்டம் காட்டுக்கு நடுவில் இருக்கிற அவர்கள் ஊருக்குக் கம்பெனி வேன் வராது. எங்கள் வண்டியை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஹெல்பராக வெட்டின துணிப் பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தவளை இப்போதுதான் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே யாரோ புரமோஷன் கொடுத்தது மாதிரி இருந்தது.

"தெனமும் ஊட்டுக்காரர்ட்ட பஸ்ஸுக்குக் காசு கேட்டாத்தானுங்ணா, 'எங்க போற, எதுக்குப் போற'ங்கிற பேச்சே வரும். இப்ப நானுங் கேக்கறதில்ல, அவருங் கேக்கறதில்ல."

சிவப்புக் கோடு

ஒரு நாள் டெப்போவில் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று பார்க்கிற அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு கோடு. பச்சை என்றால் கூட்டம், சிவப்பு என்றால் காலி. எங்கள் காலை டிரிப் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. "வேலாங்காட்டுப் பிரிவுல ஆளே ஏறலையேங்க. மாசக் கடைசியோட இந்த டிரிப்ப நிறுத்திட்டு வண்டிய வேற பக்கம் விடப்போறோம்" என்றார்.

"சார், அந்த வண்டியில நான் தினமும் பாதி உடம்ப வெளிய விட்டுக்கிட்டு வாரேன்!" என்றேன். "அப்ப டிக்கெட் எங்க?" என்றார். என்னத்தைச் சொல்ல? 'அவர்கள் மரியாதைக்காக வாங்கவில்லை' என்று சொன்னால் நம்புவாரா? சொன்னேன். நம்பவில்லை. நேரில் வந்து பாருங்கள் என்றேன். பார்க்க வேண்டிய டிரிப்புகள் எத்தனையோ இருக்கின்றன, அதற்குத்தானே கம்ப்யூட்டர் என்றார். அவர் சொன்னதும் ஒரு வகையில் நியாயம்தான். மிஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறோம், அவ்வளவுதான். இருந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, வண்டிக்கு வந்து பழனிச்சாமி அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அதிசயமாக வாயைத் திறந்தார்.

"என்ற இத்தன வருச சர்வீசுல ஆளில்லாத வண்டி ஏத்தத்துல இப்பிடி மொனகி நான் பாத்ததில்லீங்க!"

கேட்டு சாத்திட்டாங்க

மறுநாள் காலை, வண்டிக்குள் நின்று விஷயத்தைச் சத்தமாகப் போட்டு உடைத்தேன். "அப்ப இத்தன நாளு நாங்க வரவே இல்லீங்களா?" என்று பரிமளா கேட்டாள். அவளுக்கு என்ன போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒருத்தர் விடாமல் டிக்கெட் கேட்டார்கள். கேட்டால் போதுமா, மிஷின் கொடுக்க வேண்டாமா? 'கிர்ர்' என்று முக்கி முனகி ஒவ்வொன்றாகத் துப்புகிறது. நடுவில் பேப்பர் ரோல் தீர்ந்து, அதை மாற்றுவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. வண்டி லேட். கம்பெனி வாசலில் போய் நின்றால் கேட் சாத்தியிருக்கிறது. பரிமளாவும் கூட வந்தவர்களும் வெளியே நின்றதைப் பார்த்துக்கொண்டே நான் விசில் அடித்துக் கிளம்ப வேண்டியதாயிற்று. மத்தியானம்தான் உள்ளே விட்டார்களாம். அவள் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் மிஷின் திரும்பக் கிடைத்தது, ஆனால் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை கேட்டுக்கு வெளியே நின்றால் மறுபடியும் ஹெல்பர்தான்.

பஸ்ஸைக் காப்பாற்றப் போய் இவள் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. டிக்கெட்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக டிரைவர் சீட்டுப் பக்கம் போய்ச் சொன்னாள்:

"நாளையிலிருந்து நாங்க வெள்ளனே வந்து வரிசையா நின்னுக்கறோங்ணா. நீங்க வழியில நின்னு டீ குடிக்காம மட்டும் வந்துருங், அந்த டீய நாங்க பிளாஸ்க்குல கொண்டாறோம்!"

கட்டு

அதன் பிறகு வண்டி வரும்போதே வரிசை தயாராக இருக்கும். நான் கீழே இறங்கி நின்று டிக்கெட் கொடுப்பேன், ஒவ்வொருவராக ஏறுவார்கள். வடக்கத்திப் பெண்கள்கூட "அண்ணா, ஜீரோ, ஜீரோ" என்று கை நீட்டினார்கள். சிவப்புக் கோடு சட்டென்று பச்சையானது. பச்சையானால் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? சந்தேகப்பட்டார்கள். நேற்றுவரை காலியாக வந்த வண்டியில் இத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள், டிரிப்பைக் காப்பாற்ற கண்டக்டர் சும்மா பட்டனைத் தட்டுகிறானா என்று பார்க்கச் செக்கிங் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள்.

அவர் ஒரு நாள் வேலாங்காட்டுப் பிரிவுக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறினார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். நான் பரிமளாவைப் பார்த்தேன், அவள் செல்லில் மணியைப் பார்த்தாள். ஓரம் கட்டினால் கேட் போச்சு. பழனிச்சாமி அண்ணன் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க பாட்டுக்குப் பாருங்க சார், வண்டி பாட்டுக்குப் போகட்டுங்க" என்றார். நல்ல வேளை, இன்ஸ்பெக்டர் தகராறு செய்யவில்லை. முதல் பெண்ணிடம் டிக்கெட் கேட்டார். "பரிமளாட்ட இருக்குதுங்க" என்றாள். அடுத்த பெண்ணும் "பரிமளாட்டங்க". டிக்கெட் அவரவர் கையில் இருக்க வேண்டும், அதுதான் விதி. நான் கீழே நின்று கொடுத்ததைத்தான் பார்த்தேன், மேலே ஏறி அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கவே இல்லையே!

விஷயம் இதுதான். கம்பெனியில் வெட்டிய பீஸையெல்லாம் கட்டாகக் கட்டி, கட்டோடு அதற்குரிய சீட்டையும் சேர்த்தேதான் ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குக் கொடுப்பார்கள். சீட்டு தனியாகப் பறந்தால் பீஸ் காணோம் என்று ரகளை ஆகிவிடும். அந்தக் கைகளுக்கு உதிரிச் சீட்டைக் கண்டால் பொறுக்காது. பரிமளா தினமும் எல்லார் டிக்கெட்டையும் வாங்கி, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! கூட்டத்துக்குள் நீந்திப் போன இன்ஸ்பெக்டரிடம் அந்தக் கட்டை நீட்டினாள். அவர் பெண்களின் தலைகளை எண்ணினார், டிக்கெட்டை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சரியாக இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சைபர் டிக்கெட்தானம்மா, இதுக்குப் போய் இத்தனை பத்திரமா?" என்று கேட்டார்.

பரிமளா சிரிக்கவில்லை. "பூச்சியந்தானுங் சார். ஆனா இது இல்லாதப்ப, நாங்க பஸ்ஸுலயே இல்லைன்னு சொல்லிப்போட்டீங்களே!"

டிரிப் நிற்காமல் ஓடுகிறது, பரிமளா இன்னும் ஓவர்லாக்கில்தான் இருக்கிறாள், ஆகவே தாய்மார்களே, கூச்சப்படாமல் அந்தப் பூஜ்ஜியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரெக்கார்டுபடி நான் தினமும் காலி வண்டியில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டு வருகிற கோட்டிக்காரன் ஆகிவிடுவேன்.