மடி சும்மாத்தான இருக்கு?

அடுத்து என்ன செய்யப் போகிறேன்? இன்று பள்ளியில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை.

ரிசல்ட் கவலையில் ஆறு வருடமாக என்னைத் தூங்கவிடாத தலைமையாசிரியை வேலையை இன்று விட்டுவிட்டேன்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வழக்கமான பஸ். கூட்டம். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, மடி சும்மாத்தான இருக்கு? இவளைக் கொஞ்சம் பிடிங்க."

பதிலுக்குக் காத்திராமல் உட்காரவைத்துவிட்டாள்.

இத்தனை வருடமும் இதே பஸ்ஸில் என் மடியில் திருத்தாத நோட்டுக்கட்டு இருந்தது. யாரும் பிள்ளையைக் கொடுத்ததில்லை.

குழந்தை என் மூக்குக்கண்ணாடியை இழுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டது.

"எங்கக்கா வேலை பாக்குறீக?"

"இன்னைக்கு வரைக்கும் பள்ளிக்கூடத்துல."

"நாளைக்கு?"

"தெரியல."

"அப்ப நல்லாத் தூங்குங்க. இவளுக்கும் அதான் வேலை."

இறங்கும்போது பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க எனக்குத்தான் மனம் வரவில்லை.

மறுநாள் சேர்த்தது: பழக்கத்தில் ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, சேலைகட்டி, பையையும் எடுத்துவிட்டேன். பிறகு அதே சேலையோடு படுத்து, பத்து மணிவரை தூங்கினேன்.

வகுப்பில் தூங்கியதற்காக நான் வெளியே நிறுத்திய பிள்ளைகள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.