சித்தி தட்டிவிட்ட கஞ்சி

அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருப் பெண்கள் நூல் சுற்ற உட்காரும்போது, சித்தி வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். கதாநாயகி கோமதிக்கு அழகு, படிப்பு, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் எழுதியவர் வாரம் தவறாமல் சொன்னது அவளுடைய இரக்கத்தைத்தான். பசி என்று யார் வந்தாலும் தன் தட்டை நீட்டிவிடுவாள். அந்த இடத்தில் சித்தியின் குரல் உடையும். இரண்டாம் வகுப்பில் இருந்த நான், கோமதியாகிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

மழை பொய்த்த வருஷம் அது. திருச்சுழிப் பக்கத்து ஆட்கள் வேலை தேடி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வாசலில் நின்றாள்.

"தாயி, பிள்ளைக்கு மட்டும் ஏதாச்சும் ஊத்து."

முற்றத்துப் பானையில் பாவு நூலுக்கு விறைப்பேற்ற வைத்திருந்த கஞ்சி இருந்தது. அரிசிக் கஞ்சிதானே என்று செம்பில் மொண்டு கொடுத்தேன்.

அவள் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனபோது, உள்ளிருந்து வந்த சித்தி செம்பை ஓங்கித் தட்டிவிட்டாள். கஞ்சி மண்ணில் சிதறியது. பிள்ளை வீறிட்டது.

"கதையில வாரவளுக்கு அழுவாக. பசிச்ச பிள்ள வாயில தட்டுவாக" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

சித்தி என்னை வீட்டுக்குள் இழுத்தாள். "அதுல மயில்துத்தம் கெடக்குடி. வெசம்."

இப்போது ஒரு நெசவாலையின் ஆய்வுக்கூடத்தில் கஞ்சிப் பதம் பார்ப்பதுதான் என் வேலை. மாவு, எண்ணெய், பூஞ்சை பிடிக்காமலிருக்கத் துத்தம் என்று வரிசையாகச் சொல்வேன். அன்று தெரிந்தது விஷம் என்ற ஒரு சொல்தான். அதைத் தெருவில் சொல்ல ஓடினேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு விடக்கூடாது."

பிறகு வடித்த சோற்றைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினாள்.

"ஒஞ்சோறு எங்களுக்கு வேணாம். நீயெல்லாம் பிள்ளை பெத்தவளா?"

"என்னைய எம்புட்டு வேணும்னாலும் வைய்யி. பிள்ளைக்குக் கொடு."

அந்தப் பெண் வைதுகொண்டே பிள்ளைக்கு ஊட்டினாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. துத்தத்தைப் பற்றிச் சித்தி வாய் திறக்கவில்லை.

திறந்திருந்தால், கல்யாணமாகிப் போகும்வரை அந்தத் தெருவில் நான் விஷம் கொடுத்த பிள்ளையாகவே இருந்திருப்பேன். அது எனக்கு அப்போது எட்டவில்லை. நல்ல பெயரை மீட்கத் தெரியாத வீம்புக்காரி என்றுதான் சித்தியை நினைத்தேன். சாயங்காலம் தலை வார அவள் சீப்போடு வந்தபோது, தலையைக் கொடுக்காமல் எழுந்து போய்விட்டேன்.